வைஃபை வரவில்லையா? மடிக்கணினியைக் குறை சொல்லுமுன் ஐந்து படிகள்



மங்கில் பால் சேரவில்லையென்றால் கைதேர்ந்த பால்வெட்டுக்காரர் உடனே "மரம் பட்டுப்போயிற்று" என்று சொல்லிவிடமாட்டார். பட்டையில் போட்ட வெட்டு சரிதானா, கோட்டை ஒட்டுப்பால் அடைத்துக்கொண்டதா, தகரம் நழுவியிருக்கிறதா, மங்கு சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். பால் எங்கே நின்றதோ அங்கேதான் குறை. மடிக்கணினிக்கு இணையம் வராதபோதும் நாம் செய்யவேண்டியது இதுவேதான்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாயிருந்து இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஓர் இடத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

"கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மூத்த மகள் எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டாள். பிள்ளையின் படிப்புக்கென்று பழைய மடிக்கணினி ஒன்றை 450 வெள்ளிக்கு வாங்கினோம். அதில் விண்டோஸ் இல்லை; லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். நான்கு மாதம் நன்றாக ஓடியது. இப்போது வைஃபை அடையாளத்தையே காணோம். கடையில் காட்டினால், உள்ளே இருக்கும் வைஃபை அட்டை செத்துவிட்டது, மாற்ற 180 வெள்ளி ஆகும் என்கிறார்கள். மகள் பல்கலைக்கழகத்துக்கான யு.பி.யு. விண்ணப்பத்தைக் கைப்பேசியின் சின்னத் திரையில் நிரப்பத் திணறுகிறாள். என்ன செய்யலாம் ஐயா?"

அம்மா, அந்த 180 வெள்ளியை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். வைஃபை அட்டை செத்துப்போவதும் உண்டுதான். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்படவேண்டிய காரணம். அட்டைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த மடிக்கணினியே சொல்லும். கேட்கத் தெரிந்தால் போதும்.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்துக்கு மாறின. அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லையென்று தெரியவந்தது. சபாவில் ஒரு மாணவி அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதிய செய்தியை நாடே பார்த்தது. அந்த நெருக்கடி போய்விட்டது. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம், மெட்ரிகுலேஷன் விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இன்று இணையத்தின் வழியேதான் போகின்றன. கெடு நாளன்று வைஃபை வரவில்லை என்றால் யாரும் காத்திருக்கமாட்டார்கள். ஆகவே இது வெறும் இயந்திரக் கோளாறு அல்ல. பிள்ளையின் அடுத்த படி.

லினக்ஸ் என்றால் என்ன?

விண்டோஸைப் போலவே லினக்ஸும் கணினியை இயக்கும் மென்பொருள். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. நமக்கு அது அந்நியமும் அல்ல. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கரு லினக்ஸ்தான். 2013 முதல் நம் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளின் கருவும் அதுவே. தமிழ்நாட்டில் 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தபோது, விண்டோஸோடு சென்னையில் உருவான 'பாஸ்' என்னும் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் அதிகம் தென்படுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றுக்கு லினக்ஸ் இரண்டாவது வாழ்வு கொடுக்கிறது.

வைஃபை விஷயத்தில் மட்டும் லினக்ஸுக்குப் பழைய தொல்லை ஒன்று உண்டு. வைஃபை அட்டையை இயக்க 'டிரைவர்' என்னும் சிறு மென்பொருள் வேண்டும். சில்லு செய்யும் நிறுவனங்கள் பல, நெடுங்காலம் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் கொடுத்துவந்தன. பிராட்காம் நிறுவனம் 2010-இல்தான் லினக்ஸுக்கான திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. இன்டெல் அட்டைகள் பெரும்பாலும் போட்டவுடன் வேலை செய்யும். பிராட்காம், ரியல்டெக் அட்டைகள் சிலவற்றில் இன்றும் சிக்கல் வருவதுண்டு.

இனி ஐந்து படிகளையும் பார்ப்போம். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதல் படி: குறை வீட்டிலா, கணினியிலா?

அதே வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். அதற்குமுன் கைப்பேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அது ஏமாற்றிவிடும். கைப்பேசிக்கும் இணையம் வரவில்லையென்றால் மடிக்கணினியின்மேல் பழி இல்லை. ரௌட்டரை நிறுத்தி, அரை நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தை அழைக்கவேண்டியதுதான்.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 'அளவில்லை' என்று விற்கும் பல பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி அளவு உண்டு. அது தீர்ந்தால் கைப்பேசியில் படம் ஓடும். மடிக்கணினியில் ஒன்றும் வராது. அலமாரியில் பழைய 3ஜி பிராட்பேண்ட் குச்சி இருந்தால் அதை நம்பாதீர்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

இரண்டாம் படி: வைஃபை பூட்டியிருக்கிறதா?

பழைய மடிக்கணினிகள் பலவற்றின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபைக்கென்று ஒரு சிறு நகர்த்துப் பொத்தான் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது நகர்ந்துவிடும். வேறு சிலவற்றில் மேல்வரிசை விசை ஒன்றில் விமானப் படமோ கோபுரப் படமோ இருக்கும். 'எஃப்என்' விசையோடு சேர்த்து அதை அழுத்தினால் வைஃபை அணையும்; மறுபடி அழுத்தினால் எரியும். விளையாடும் பிள்ளையின் விரல் பட்டாலே போதும்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். உபுண்டு, மின்ட் வகை லினக்ஸில் 'டெர்மினல்' என்னும் பெட்டி திறக்கும். அதில் ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றித் தட்டி என்டர் அழுத்துங்கள். ஒரு சிறு பட்டியல் வரும். அதில் டபிள்யூ, எல், ஏ, என் என்று இருக்கும் வரிதான் உங்கள் வைஃபை. அதற்கு நேரே 'சாஃப்ட்', 'ஹார்ட்' என்று இரண்டு பத்திகள் இருக்கும்.

இரண்டிலும் 'அன்பிளாக்ட்' என்றிருந்தால் பூட்டு இல்லை. 'ஹார்ட்' பத்தியில் 'பிளாக்ட்' என்றிருந்தால் பொத்தானைத் தேடி நகர்த்துங்கள். 'சாஃப்ட்' பத்தியில் 'பிளாக்ட்' என்றிருந்தால் மென்பொருள் போட்ட பூட்டு. 'விமானப் பயணம்' என்னும் ஏர்பிளேன் மோடை அணைத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

அந்த வரியே இல்லையா? மூன்றாம் படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: அட்டைக்கு உயிர் இருக்கிறதா?

கடிதம் எழுதிய தாயாருக்கு மிக முக்கியமான படி இது. அதே டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கணினிக்குள் இருக்கும் உறுப்புகளின் பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்று குறிப்பிடும் வரி இருக்கிறதா பாருங்கள். 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்றிருப்பது கம்பி இணைப்புக்கானது. அதை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. சில மலிவான மடிக்கணினிகளில் வைஃபை வேறு வழியில் இணைந்திருக்கும். அவற்றுக்கு எல், எஸ், யு, எஸ், பி என்று தட்டிப் பார்க்கவேண்டும்.

இன்டெல், பிராட்காம், ரியல்டெக், ஏதெரோஸ் போன்ற ஒரு பெயரோடு அந்த வரி வந்துவிட்டால், கணினி அட்டையைப் பார்க்கிறது என்று பொருள். பெரும்பாலும் அட்டை உயிரோடுதான் இருக்கிறது; டிரைவர்தான் இல்லை. இதற்கு அட்டை மாற்றத் தேவையில்லை.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டிக் கிடக்கிறது என்பது போன்ற நிலை. இங்கே கைகொடுப்பது உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசி. மின்னேற்றும் கேபிளால் கைப்பேசியை மடிக்கணினியோடு இணையுங்கள். கைப்பேசி அமைப்பில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போடுங்கள். சில நொடிகளில் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் வேண்டாம். சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தா. ஒன்று வேலை செய்யாவிட்டால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

இணையம் வந்ததும் மின்ட் என்றால் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டு என்றால் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்பதைத் திறங்கள். உங்கள் அட்டைக்கு ஏற்ற டிரைவர் இருந்தால் அங்கே காட்டும். தேர்ந்தெடுத்து நிறுவி, கணினியை மூடித் திறக்கவேண்டும். இடையில் கடவுச்சொல் ஒன்று அமைக்கச் சொன்னால் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது நீலத் திரை வந்து 'என்ரோல்' செய்யவா என்று கேட்கும். ஒப்புக்கொண்டு அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். நீலத் திரையைக் கண்டு பயந்து தள்ளிவிட்டால் டிரைவர் வேலை செய்யாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். டேட்டா குறைவாக இருந்தால், 'எல்லாவற்றையும் புதுப்பிக்கவா' என்று கணினி கேட்கும்போது அன்றைக்கு வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

"நேற்றுவரை வேலை செய்தது, புதுப்பித்த மறுநாள் போய்விட்டது" என்பவர்களுக்கு இன்னொரு வழி. கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையையோ எஸ்கேப் விசையையோ அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய 'கெர்னல்' இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள். வைஃபை திரும்பிவிட்டால் குறை புதிய பதிப்பில், அட்டையில் இல்லை. நான்கு மாதம் ஓடிவிட்டுத் திடீரென்று நின்ற இயந்திரத்தில் இதையும் இரண்டாம் படியையும் பார்க்காமல் விடக்கூடாது.

இரண்டு பட்டியலிலும் அட்டையின் பெயரே வரவில்லையென்றால்தான் கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும். அப்போதும் அட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸில் அணைக்கப்பட்டிருக்கலாம். "கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள்" என்று கேட்பதில் தவறில்லை.

நான்காம் படி: பெயர் தெரிகிறதா, இணைகிறதா?

மற்ற வீட்டு வைஃபைகளின் பெயர் தெரிகிறது. நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை. இதற்கு அலைவரிசையே காரணமாக இருக்கும். பழைய மடிக்கணினிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே கேட்கும். இன்றைய ரௌட்டர்களும் கைப்பேசிகளும் 5 கிகாஹெர்ட்ஸிலும் பேசும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் இதற்கென்றே உண்டு.

தடத்தின் எண்ணும் குறுக்கே நிற்கலாம். மலேசியாவில் 2.4 அலையில் 1 முதல் 13 வரை தடங்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அமெரிக்க அமைப்பிலேயே இருக்கும் பழைய கணினிக்கு 12, 13-ஆம் தடங்கள் தெரியாமல் போகலாம். ரௌட்டர் அமைப்பில் தடத்தை 1, 6, 11 இவற்றுள் ஒன்றாக மாற்றினால் தீர்ந்தது.

பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? முதலில் அந்தப் பெயரை 'ஃபர்கெட்' செய்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்த்துப் புதிதாகக் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதிய கைப்பேசிகள் டபிள்யூ.பி.ஏ.3 என்னும் முறையைப் பயன்படுத்துகின்றன. பழைய அட்டைகள் பலவற்றுக்கு அது புரியாது. டபிள்யூ.பி.ஏ.2 என்று மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இணைந்தும் ஒன்றும் வரவில்லையா?

டெர்மினலில் பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று எழுதி என்டர் அழுத்துங்கள். வரிவரியாகப் பதில் வந்தால் இணையம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அது தானாக நிற்காது. கண்ட்ரோலையும் சி-யையும் அழுத்தி நிறுத்துங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தின் பெயரைப் போட்டாலும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கும் டி.என்.எஸ். என்னும் முகவரிப் புத்தகத்தில் கோளாறு. வைஃபை அமைப்பில் டி.என்.எஸ். இருக்கும் கட்டத்தில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதிச் சேமித்து, வைஃபையை அணைத்துப் போடுங்கள்.

பழைய மடிக்கணினிகளில் வேறொரு வேடிக்கையும் நடக்கும். உள்ளே நாணயம் போன்ற சிறிய பேட்டரி ஒன்று நேரத்தைக் காத்துவரும். அது தீர்ந்துவிட்டால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறினால் வங்கி, பள்ளி, அரசாங்கத் தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியாது. "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை வரும். பலர் இதையும் வைஃபைக் கோளாறு என்றே எண்ணிவிடுகிறார்கள். திரையின் ஓரத்திலுள்ள தேதியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் தவறினால் அந்தச் சிறு பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

இணையம் வந்து வந்து போகிறதா? ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் இடையிலுள்ள செங்கல் சுவரோ தகரத் தடுப்போதான் காரணம். தகரம் அலையைத் திருப்பிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. சமைக்கும் நேரத்தில் மட்டும் தொல்லை என்றால் காரணத்தைத் தேடவேண்டியதில்லை.

கடைக்குப் போகுமுன்

ஐந்து படிகளிலும் கண்டதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கைப்பேசிக்கு வருகிறதா, பூட்டு உண்டா, அட்டையின் பெயர் என்ன, வீட்டுப் பெயர் தெரிகிறதா, எண்ணுக்குப் பதில் வந்ததா. தாளோடு போகும் வாடிக்கையாளரிடம் யாரும் "செத்துவிட்டது" என்று சட்டென்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகளின் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்தபின் கணினியைக் கொடுங்கள். லினக்ஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று சிலர் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுண்டு.

அட்டை உண்மையிலேயே போய்விட்டாலும் அதை மாற்றுவது ஒன்றே வழியல்ல. விரல் நீளத்தில் யு.எஸ்.பி. வைஃபைக் குச்சி சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆனால் எல்லாக் குச்சியும் லினக்ஸுக்குப் பொருந்தாது. மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி, பெயர்கள் திரையில் வருவதைக் கண்ணால் பார்த்தபின் காசு கொடுங்கள்.

விண்ணப்பத்தின் கெடு நெருங்கிவிட்டால் பழுதுபார்ப்பைத் தள்ளிவையுங்கள். மூன்றாம் படியில் சொன்ன கேபிள் வழியே கைப்பேசியை இணைத்து விண்ணப்பத்தை அன்றே அனுப்பிவிடுங்கள். வீட்டில் அலைவரிசையே இல்லையென்றால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் 'நாடி' இணைய மையம் வட்டாரத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பிள்ளையை அங்கே அழைத்துப்போங்கள். அலைவரிசை தொடர்ந்து மோசமாக இருந்தால் முதலில் தொலைபேசி நிறுவனத்திடம் புகார் செய்து எண் வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அந்த எண்ணோடு ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

இந்தப் படிகளை வீட்டில் ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முறை தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும். பிறகு அண்டை வீட்டு மடிக்கணினியையும் அவர்கள் பார்த்துக்கொடுப்பார்கள்.

சந்தேகம் எழுதும் அன்பர்கள், கணினியின் பெயர், லினக்ஸின் பெயர், அட்டையின் பெயர், எந்தப் படியில் நின்றது என்ற நான்கையும் தவறாமல் குறிப்பிடுங்கள். பதில் சொல்ல வசதியாக இருக்கும். அடுத்த இதழில், பழைய மடிக்கணினி வாங்கும்போது கடையிலேயே சோதிக்கவேண்டியவற்றைப் பார்ப்போம்.